ஒரு லிட்டரில் எவ்வளவு?



நம் ஆஸ்பத்திரியைத் தாங்கிவரும் சபைகளிலிருந்து ஒரே மாதிரியான சில கடிதங்கள் எங்களுக்கு அவ்வப்போது வருவதுண்டு. "எங்கள் தகப்பனாரின் நினைவாக, தண்ணீர்க் கஷ்டமுள்ள ஒரு கிராமத்தில் போர் போட்டு அடிபம்பு வைத்துக் கொடுக்க விரும்புகிறோம், இடத்தை நீங்களே தெரிந்தெடுங்கள்" என்று எழுதியிருப்பார்கள். வாசிக்கச் சந்தோஷமான கடிதங்கள்தான். ஆனாலும் நாங்கள் உடனே சரி என்று எழுதுவதில்லை. அக்கம்பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரைப் பரிசோதித்த சீட்டு முதலில் கைக்கு வரட்டும், அதன்பின் தீர்மானிக்கலாம் என்றே பதில் எழுதுகிறோம். இதில் சிலருக்கு மனவருத்தம் உண்டு என்பது தெரியும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு என்ன பரிசோதனை என்று நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சற்று விவரமாக இங்கே எழுதுகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று படிப்பறிந்தவர்கள் அதற்குப் பெயர் சொல்லுவார்கள். இந்தப் பாறைகளிலுள்ள சில கனிமங்களில் புளோரைடு என்னும் சத்து அடங்கியிருக்கிறது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது, அந்தப் புளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது மிகவும் அதிகம். சேலத்திலும் நாமக்கல்லிலும் பல ஒன்றியங்களில் இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு கிணற்றில் இல்லாமலும், கூப்பிடு தூரத்திலுள்ள இன்னொரு போரில் மிகுந்தும் இருக்கக்கூடும்.

மாராவின் தண்ணீர் கசந்தபடியால் இஸ்ரவேலர் அதைக் குடிக்கமாட்டாமல் நின்றார்கள். நாக்கே அவர்களுக்குக் காவலாயிருந்தது. புளோரைடுக்கு அப்படி ஒரு கசப்பு கிடையாது. நிறமில்லை, வாசனையில்லை. நம்முடைய தண்ணீரில் காணப்படும் அளவில் அதை எந்த நாக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் பற்கள் காட்டிக்கொடுக்கும். பிறந்ததுமுதல் ஏறக்குறைய எட்டு வயதுவரை, நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில் இந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைக்கு, பல் முளைக்கும்போதே சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டுகளும் பின்பு பழுப்புக் கோடுகளும் தெரியும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. கறை பல்லின் மேலே படிந்ததல்ல, பல்லின் எனாமலே அப்படி உருவாகிவிட்டது. வளர்ந்தபிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த தாயின் பற்கள் வெண்மையாயிருக்கும், அவள் பெற்ற பிள்ளைகளின் பற்கள் கறுத்திருக்கும். எங்களிடம் வரும் பெண்பிள்ளைகளில் சிலர் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறதைப் பார்க்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்துத் திரும்பிப்போன வீடுகளும் உண்டு. அவர்களிடம் இது உங்கள் குற்றமல்ல, கிணற்றின் கோளாறு என்று சொல்லுவதே முதல் மருத்துவம்.

பல்லோடு நின்றுவிட்டால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதிக அளவில் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு கெட்டிப்பட்டு, மூட்டுகள் வலித்து, முதுகும் கழுத்தும் விறைத்துப்போகின்றன. குனிந்து தரையிலிருக்கும் காசை எடுக்க முடியாது. தலையைத் திருப்ப முழு உடம்பையும் திருப்ப வேண்டும். இது வாதம் என்று நினைத்து எண்ணெய் தேய்த்தும் வலி மாத்திரை விழுங்கியும் காலத்தைக் கடத்துகிறார்கள். எலும்பில் படிந்ததை எடுத்துவிட மருந்து இல்லை. தண்ணீரை மாற்றுவது ஒன்றுதான் வழி. 1937-ல் ஷார்ட் என்னும் மருத்துவரும் அவருடைய சகாக்களும் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை ஆராய்ந்து எழுதினார்கள். ஆகவே இது நம் நாட்டில் புதிதாக வந்த சங்கதியல்ல.

இனி வாசகர்கள் சற்றுப் பொறுமையாய்க் கேட்க வேண்டிய பகுதிக்கு வருகிறோம். புளோரைடு விஷமா? விஷம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் கொலராடோ மலைநாட்டில் பழுப்புப் பற்களோடு வளர்ந்த பிள்ளைகளை 1900-களின் தொடக்கத்தில் மக்கே என்ற பல் மருத்துவர் கவனித்தார். காரணம் புளோரைடு என்பது 1931-ல்தான் தெரிந்தது. கறை இருந்தாலும் அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதும் தெரியவந்தது. ஆகவே 1945-ல் கிராண்ட் ராபிட்ஸ் என்ற நகரத்தில், லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கும்படி குடிதண்ணீரில் புளோரைடை வேண்டுமென்றே கலந்தார்கள். பிள்ளைகளுக்குப் பற்சொத்தை குறைந்தது. அங்கே சேர்த்த அதே பொருளைத்தான் இங்கே நாம் எடுக்கப் பாடுபடுகிறோம். அங்கே நன்மை செய்த பொருளை இங்கே தீமையாக்குவது அளவு மாத்திரமே. ஒரு லிட்டர் தண்ணீரில் அது எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்பதே கேள்வி. இதைத்தான் விஞ்ஞானத்தில் கரைசலின் செறிவு என்கிறார்கள்.

செறிவு என்றதும் பள்ளிக்கூடப் பாடம் என்று தள்ளிவிட வேண்டாம். இதை நீங்கள் எல்லாரும் ஏற்கெனவே கையாளுகிறீர்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை 140 என்று இருந்தால் முகம் வாடுகிறதே, அது ஒரு செறிவு. 100 மில்லி இரத்தத்தில் 140 மில்லிகிராம் சர்க்கரை என்று அர்த்தம். நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் சலைன் பாட்டிலில் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதும் செறிவுதான். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. அதில் உப்பு மிகக் குறைந்தால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும். மிக அதிகமானால் தண்ணீரை இழந்து சுருங்கும். இரண்டு பாட்டிலிலும் இருப்பது அதே தண்ணீரும் அதே சமையல் உப்புமே.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் இப்படித்தான். 1971-ல் வங்காளதேச அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, பொங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனோபிஸ், உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சலைன் பாட்டில் கிடைக்காத ஆயிரக்கணக்கானோரைப் பிழைக்கவைத்தார். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய இன்றைய பொட்டலத்தில் இருப்பது 20.5 கிராம் தூள். அதை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சில தாய்மார் 'பவர்' கூடட்டும் என்று நினைத்து முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளரில், அதாவது 200 மில்லியில், கரைத்துவிடுகிறார்கள். செறிவு ஐந்து மடங்காகிறது. அந்தத் தண்ணீர் பிள்ளையின் உடம்புக்குள் போவதற்குப் பதிலாக, உடம்பிலுள்ள தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கிறது. ஏற்கெனவே வறண்ட பிள்ளை மேலும் வறண்டுபோகும்.

சலைனில் கிராம் கணக்கு. புளோரைடில் மில்லிகிராம் கணக்கு, வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ, அதாவது பத்து இலட்சம் மில்லிகிராம். அதில் ஒரு மில்லிகிராம் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. பரிசோதனைச் சீட்டில் 'பி.பி.எம்.' என்று எழுதியிருந்தாலும் 'மி.கி./லி.' என்று எழுதியிருந்தாலும் குடிதண்ணீரைப் பொறுத்தவரை ஒன்றேதான். மொட்டைமாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு மூன்று சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வந்துவிடும். நம் நாட்டுக் குடிநீர்த் தரக் கட்டளையின்படி புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் 1.5. மூன்றிலிருந்து ஆறு வரை போனால் எலும்புக்கு ஆபத்து தொடங்கும் என்கிறார்கள்.

இதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கிணற்றில் இருக்கிறது செறிவு. உடம்பில் சேர்வதோ செறிவையும் குடிக்கிற லிட்டரையும் பெருக்கி வருகிற தொகை. நிழலில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் நாளுக்கு 2 லிட்டர் குடிக்கலாம். சித்திரை வெயிலில் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குகிறவரும், தறிக்கூடத்தில் வேர்க்கிறவரும் 5 லிட்டர் குடிப்பார்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரை 5 லிட்டர் குடித்தால் 10 மில்லிகிராம். லிட்டருக்கு 5 மில்லிகிராம் உள்ள தண்ணீரை 2 லிட்டர் குடித்தாலும் அதே 10. ஆகவே சீட்டில் 1.4 என்று கண்டவுடன் நிம்மதியாகிவிட எங்களுக்கு மனம் வருவதில்லை. குடிக்கிறவர்கள் யார், என்ன வேலை, பிள்ளைகளுக்குப் பாலும் கேழ்வரகும் கீரையும் கிடைக்கிறதா என்றும் கேட்கிறோம். சுண்ணாம்புச் சத்து குறைந்த பிள்ளைகளை இந்த நோய் அதிகமாய்த் தாக்குகிறது.

கிராமங்களுக்குப் போகும்போது எங்கள் செவிலியரிடம் அடிக்கடி சொல்லப்படுவது, "நாங்க கொதிக்க வெச்சுத்தானுங்க குடிக்கறோம், அப்பறம் என்னங்க?" என்பதே. அவர் நீண்ட பிரசங்கம் பண்ணுவதில்லை. "ரசத்துல உப்புக் கூடிப்போச்சுன்னா, அடுப்புல வெச்சுச் சுண்ட வெப்பீங்களாக்கா?" என்று கேட்பார். "இல்லீங்க, தண்ணி ஊத்துவோம்" என்று பதில் வரும். புளோரைடைப்பற்றிய முக்காலே மூன்று வீசம் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆகவே கொதிக்கவைப்பதை நிறுத்தக்கூடாது. ஆனால் கரைந்த உப்பு ஆவியாய்ப் போகாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 10 லிட்டர் தண்ணீர் சுண்டி 8 லிட்டரானால், அதிலிருந்த 20 மில்லிகிராமும் அந்த 8 லிட்டருக்குள்தான் இருக்கும். லிட்டருக்கு 2.5 ஆகிவிட்டது.

தண்ணீர் ஊற்றுவது என்ற அந்தத் தாயின் யோசனையையே பெரிய அளவில் செய்ததுதான் காவேரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள். ஆற்றுத் தண்ணீரில் புளோரைடு மிகக் குறைவு. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. இன்று அதன் தண்ணீர் சேலத்துக்கும் வேறு பல ஊர்களுக்கும் குழாயில் போகிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும், புளோரைடு நோயைத் தணிப்பதையே நோக்கமாய்க் கொண்ட ஒகேனக்கல் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் ஆற்றுத் தண்ணீர் போதாத ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர்த் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுவதுண்டு. அதில் கணக்கு வேண்டும். போர்த் தண்ணீரில் 3, ஆற்றுத் தண்ணீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். சரிபாதியாய்க் கலந்தால் 1.65 வரும். எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டு பங்கு ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு பங்கு போர்த் தண்ணீர் என்றால் 1.2. ஒரு வாரம் ஆற்றுத் தண்ணீர் வராமல் போர்த் தண்ணீரை மட்டும் ஏற்றினால், அந்த வாரம் முழுவதும் 3. தொட்டியும் குழாயும் அதேதான், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது.

வேடிக்கையான இன்னொன்று. நம் ஊரில் பருப்பு சீக்கிரம் வெந்தால், சோப்பு நுரைத்தால், அது நல்ல தண்ணீர். பருப்பு வேகாவிட்டால் சப்பைத் தண்ணீர், உப்புத் தண்ணீர். பருப்பை வேகவிடாமல் செய்வது பெரும்பாலும் கால்சியம். கால்சியம் நிறைந்த தண்ணீரில் புளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியாது, இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்த, சோடா குணமுள்ள மென்தண்ணீரிலோ புளோரைடு தாராளமாய்த் தங்கும். ஆகவே ஊரே வரிசையில் நின்று குடம் நிரப்பும் ருசியான கிணறுதான் சில இடங்களில் பல்லைக் கெடுத்துக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரெல்லாம் நல்லது என்று இதற்கு அர்த்தமல்ல, ருசியை நம்பித் தீர்ப்புச் செய்ய முடியாது என்கிறோம்.

பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, பாருங்கள் 300 தான் என்று காட்டும் வியாபாரிகளையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அது காட்டுவது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் மொத்தத் தொகை. முந்நூறு மில்லிகிராமில் புளோரைடு அரையா, மூன்றா என்று அந்தப் பேனாவுக்குத் தெரியாது.

வீடுகளில் வைக்கும் ஆர்.ஓ. இயந்திரம் புளோரைடை நன்றாகவே பிரிக்கிறது. நாங்கள் அதைக் குறை சொல்லவில்லை. பிரித்தது எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள 10 லிட்டரை உள்ளே விட்டால், அதில் மொத்தம் 30 மில்லிகிராம். குடிக்க வருவது 4 லிட்டர், அதில் லிட்டருக்கு 0.2 என்று வைத்துக்கொண்டால் 0.8 மில்லிகிராம். மீதி 29.2 மில்லிகிராமும் வீணாய்ப்போகும் 6 லிட்டரில்தான் இருக்கிறது. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 4.9. அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றுகிறார்கள். மாட்டுக்கும் பல் உண்டு, எலும்பு உண்டு. தரை கழுவவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம், திரும்பக் கிணற்றுக்குள் மாத்திரம் விடக்கூடாது. நல்கொண்டா முறை என்று ஒன்றும் உண்டு. நாக்பூரிலுள்ள நீரி நிறுவனம் கண்டுபிடித்த முறை இது. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்க வேண்டும். செலவு குறைவு, ஆனால் தினமும் அளவு தவறாமல் ஒருவர் செய்ய வேண்டும். எங்கள் அபிப்பிராயத்தில், சம்பளம் கொடுத்து ஆள் வைக்காத ஊரில் இது நிலைக்காது.

இப்போது போர் போடும் காரியத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளை போடுகின்றன. நம் பகுதியில் கேட்க வேண்டுமா! ஐந்நூறு அடியில் தண்ணீர் இல்லையென்றால் ஆயிரம் அடி என்று போய்விடுகிறார்கள். ஆழத்துத் தண்ணீர் பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீர். ஆகவே பெரும்பாலும் அதில் புளோரைடு கூடுதல். மேலோட்டமான கிணற்றில் ஆண்டுதோறும் மழைத்தண்ணீர் இறங்கிக் கலந்துகொண்டிருக்கும். அந்தக் கிணற்றைக் கைவிட்டு, நினைவுக் கல்வெட்டோடு ஒரு ஆழமான போரைத் திறந்து வைத்தால், நாற்பது பிள்ளைகளை 1 மில்லிகிராமிலிருந்து 4 மில்லிகிராமுக்கு மாற்றிவிட்டதாகவும் ஆகலாம். பத்து வருஷம் கழித்துத்தான் அவர்கள் பற்களில் தெரியும். அதற்குள் துளை போட்ட வண்டியும் பணம் அனுப்பியவர்களும் எங்கேயோ இருப்பார்கள்.

ஆகவே தங்கள் காணிக்கையை இப்படிச் செலவிட விரும்புகிறவர்களிடம் வேறு சிலவற்றையும் யோசிக்கச் சொல்லுகிறோம். பள்ளிக்கூடத்தின் ஓட்டுக்கூரைத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் மூடிய தொட்டி. மழைத்தண்ணீரில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். பழைய கிணற்றைத் தூர்வாரி, மழைத்தண்ணீர் அதில் வடிந்து இறங்க வாய்க்கால். ஆற்றுக் குழாய் வந்திருந்தும் தெருக்கோடிவரை நீளாத இடத்தில், பஞ்சாயத்தோடு பேசி நீட்டித் தருதல். கல்வெட்டைத் தொட்டியின்மேலும் பதிக்கலாம், தடையில்லை. எல்லாம் பார்த்தும் போர்தான் வேண்டுமென்றால், துளை போட்டவுடன் தண்ணீரைப் பரிசோதித்து, எண் 1-க்குள் வந்த பிறகே அடிபம்பு மாட்ட வேண்டும். கூடுதலாக இருந்தால் துவைக்கவும் குளிக்கவும் மட்டும் என்று பலகை எழுதி வைக்கலாம். தோல் வழியாக இது உடம்பில் ஏறாது.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுப்பது கடினமல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும். கண்ணாடி வேண்டாம், புளோரைடு கண்ணாடியோடு ஒட்டும் குணமுள்ளது. அடிபம்பை ஐந்து நிமிஷம் அடித்துப் பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலை மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மூட வேண்டும். ஊர், தெரு, கிணறா போரா, எத்தனை அடி ஆழம், எடுத்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பாட்டிலின்மேல் ஒட்டுங்கள். ஒரே கிணற்றிலிருந்து வருஷத்தில் இரண்டு தடவை எடுப்பது நல்லது. மே மாதத்தில் தண்ணீர் அடியில் கிடக்கும்போது ஒன்று, வடகிழக்குப் பருவமழை நின்றபின் ஜனவரியில் ஒன்று. கடிதம் எழுதும்போது இரண்டு சீட்டுகளின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.